பாசறை முதல் பதிவுச் சான்று வரை

மனிதன் சுவர் எழுப்பக் கற்பதற்கு முன்பே கோல் நட்டுத் தோல் விரித்துத் தங்கக் கற்றுக்கொண்டான். கூடாரம் வீட்டிற்கு மூத்தது. வேட்டுவனும் ஆயனும் வணிகனும் படைமறவனும் புனிதப் பயணியும் கூடாரத்தில் வாழ்ந்த வரலாற்றை நீக்கிவிட்டால் மனித வரலாற்றின் பாதி ஏடுகள் வெற்றேடுகளாகிவிடும். திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம், பயண நாளிலும் தங்கும் நாளிலும் எளிதாகக் கையாளத்தக்க தோற்கூடாரங்களையும் இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாக எண்ணிக் காட்டுகின்றது.

இத்துணைப் பழமையான கூடாரத்தை இன்று ஒருவர் தம் சொந்த நிலத்தில் அமைத்து, வருவோர்க்குக் கட்டணம் பெற்றுத் தங்க இடம் தர விரும்பினால் எத்தனை வாயில்களைக் கடத்தல் வேண்டும்? அவற்றைக் கடத்தல் இன்றியமையாததுதானா? இவ்வினாக்களை எம்முன் கொணர்ந்தவர் எம் பழைய மாணவர் ஒருவர். அவரோடு யாம் நடந்த நடையும் கற்ற கல்வியும் மாணவர்க்கும் பெரியோர்க்கும் பயன்படும் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை வரையலானோம்.

மலைக்கோட்டையும் பாடிவீடும்

திண்டுக்கல்லுக்குக் கூடாரம் புதியதன்று. 1605இல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் காலத்தில் கோட்டை எழுந்த நாள்தொட்டு, இப்பாறையின் அடியிலுள்ள சமவெளியில் எத்தனையோ படைகள் பாடிவீடு அமைத்துத் தங்கின. 1755இல் மைசூர் அரசின் சார்பில் ஐதர் அலி இங்குப் படைத்தலைவராக வந்தார். 1790இல் ஆங்கிலேயப் படை கோட்டையைக் கைப்பற்றியது. 1792இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பகுதி ஆங்கிலேயர் வயமாயிற்று. பேகம்பூரில் தொழுதுவிட்டு வெளியே வந்து கோட்டையை நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும், இந்த வெளி முழுவதும் ஒரு காலத்தில் கூடாரங்கள் நின்றிருக்கும் என்னும் நினைவு எமக்கு எழுவதுண்டு.

இன்று அச்சமவெளியைச் சூழ்ந்த மலைகளை நாடி மக்கள் வருகின்றனர். கொடைக்கானலுக்குச் செல்வோரைச் சொல்ல வேண்டுவதில்லை. அம்மலையின் நெரிசல் மிகுந்தமையால் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் இணையவழி நுழைவுச்சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. நெரிசலை விரும்பாதோர் பதினெட்டுக் கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட சிறுமலையையும், ஆத்தூர்க் காமராசர் அணைப் பக்கத்தையும் நாடுகின்றனர். 2022இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் காடுகளைச் சேர்த்துக் கடவூர்த் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டபின், வடமதுரை, அய்யலூர்ப் பக்கக் காடுகளின் பெயரும் வெளியூரார் செவிக்கு எட்டியுள்ளது. மக்கள் வருமிடத்தில் தங்குமிடம் வேண்டும். எம் மாணவர் கண்ட வாய்ப்பு இதுவே.

நப்பூதனார் காட்டும் முகாம்

யாம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள் முல்லைப் பாடல்களில் பாசறை என்பது. அதனால் முகாம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எம் உள்ளம் முல்லைப்பாட்டிற்கே ஓடியது. பத்துப்பாட்டுள் 103 அடிகளால் அமைந்த மிகச் சிறிய பாட்டு அது. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் அதில் ஒரு முகாமை முழுமையாகக் கட்டிக் காட்டுகின்றார்.

காட்டாற்றை ஒட்டிய இடம் தெரிவு செய்யப்படுகிறது. பிடவமும் பிற புதர்களும் வேரோடு களையப்படுகின்றன. முள்ளால் வேலி கோலப்படுகிறது. தழை வேய்ந்த குடில்கள் தெருத்தெருவாக நிற்கின்றன. இரவெல்லாம் விளக்கு அவியாமல் நெய் வார்க்க மகளிர் உளர். தூக்கம் ஏறினும் தளராத காவலர் உளர். பொழுதை அளந்து சொல்லும் நாழிகைக் கணக்கர் உளர். அரசன் தங்கும் பகுதியை வலிய கயிற்றாலும் திரையாலும் யவனர் அமைக்கின்றனர்.

இப்பட்டியலை இன்றைய உரிம விதிகளின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போர் வியப்படைவர். நீர் இருக்கிறதா, புதர் அகற்றப்பட்டதா, வேலி உண்டா, கூடாரங்களுக்கிடையே வழி உண்டா, இரவில் ஒளி உண்டா, காவல் உண்டா என்பனவே இன்றும் கேட்கப்படும் வினாக்கள். அன்று வேந்தன் தன் படையைக் காக்கச் செய்ததை இன்று அரசு, முகமறியாப் பயணியைக் காக்கச் செய்யுமாறு நிலத்துக்குரியவரைப் பணிக்கின்றது.

இடைக்காலத்திலும் இவ்வெண்ணம் அறுந்துபோகவில்லை. 1867இல் ஆங்கிலேய ஆட்சியில் இயற்றப்பட்ட சராய்ச் சட்டம், பயணிகள் தங்கும் சத்திரம் நடத்துவோர் மாஜிஸ்திரேட்டிடம் பெயரைப் பதிந்துகொள்ளல் வேண்டும் என்றது. பதிவுக்குக் கட்டணமில்லை. அறைகளையும் கிணற்றையும் தூய்மையாக வைத்தல், தொற்றுநோய் கண்டவர் தங்கினால் உடனே தெரிவித்தல், தக்க காவலரை அமர்த்தல், கட்டண விவரத்தைக் காணுமிடத்தில் வைத்தல் ஆகியன நடத்துவோரின் கடமைகள். இங்கிலாந்திலோ 1936ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், ஒரு நிலத்தில் தொடர்ந்து 42 நாளுக்கு மேலோ, பன்னிரண்டு திங்களுள் 60 நாளுக்கு மேலோ கூடாரம் முதலியன அமைக்க இடம் தருவோர் உரிமம் பெறவேண்டும் என்று வரையறுத்தது. ஆகவே இஃது ஏதோ நம்மூர் அலுவலகங்கள் மட்டும் கண்டுபிடித்த தொல்லையன்று.

மாணவரின் கனவு

எம் மாணவர் பட்டம் பெற்றபின் துபாய்க்குச் சென்றார். அங்குப் பாலைவனச் சுற்றுலா முகாம் ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, ஆறாண்டுகளில் இரவு மேற்பார்வையாளராக உயர்ந்தார். அத்தா மறைந்த செய்தி கேட்டு 2023இல் ஊர் திரும்பினார். சிறுமலை அடிவாரத்துச் சமவெளிச் சிற்றூரில் அத்தா விட்டுச்சென்ற மூன்று ஏக்கர் மானாவாரி நிலமும், சில புளியமரங்களும், வற்றாத கிணறு ஒன்றும் இருந்தன. இரு தங்கையரின் பொறுப்பும் இருந்தது. தாம் அறிந்த ஒரே தொழிலை அந்நிலத்தில் செய்ய அவர் விழைந்தார். பன்னிரண்டு கூடாரங்கள், ஒரு சமையற்கூடம், கழிப்பறைகள், மாலையில் கதை சொல்ல ஒரு திடல். இதுவே அவர் வரைந்த படம்.

அவருடைய மாமு வணிகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். பணம் தர முன்வந்த அவர் ஒரே ஓர் அறிவுரை சொன்னார்: “முதலில் கூடாரத்தை அடி தம்பி. காகிதம் பின்னால் வரட்டும். ஊரில் எவன் காகிதம் வாங்கிக்கொண்டு கடை திறக்கிறான்?”

மாணவர் எம்மிடம் வந்தமைக்குக் காரணம் இரண்டு. கல்லூரியில் யாம் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தபோது ஏழு நாள் சிறப்பு முகாம்களை அவர் எம்மோடு கண்டவர். ஐம்பது மாணவர்களை ஓர் ஊரில் தங்க வைப்பதற்கு முன் ஊராட்சித் தலைவரையும், பள்ளித் தலைமையாசிரியரையும், சுகாதார ஆய்வாளரையும் யாம் தேடிச் சென்றதை அவர் மறக்கவில்லை. மற்றொரு காரணம், மனு எழுத வேண்டும் என்பது. “ஐயா, நீங்கள் எழுதிக் கொடுத்தால் படிப்பவர்களுக்கு விளங்கும்” என்றார். தமிழாசிரியருக்கு இதனினும் பெரிய பாராட்டு உண்டோ?

நான்கு சொற்கள்

முதல் வேலையாக யாம் அவர்க்கு நான்கு சொற்களை விளக்க வேண்டியதாயிற்று. உரிமம், அனுமதி, தடையின்மைச் சான்று, பதிவு என்னும் நான்கையும் மக்கள் ‘லைசென்சு’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகின்றனர். இவை தம்முள் வேறானவை.

ஒரு செயலை இவ்வாறு இங்குச் செய்யலாம் என ஒப்புவது அனுமதி. கட்டடத்திற்கும் நிலப் பயன்பாட்டு மாற்றத்திற்கும் வேண்டப்படுவது அது. ஒரு தொழிலைக் குறித்த காலத்திற்கு நடத்தும் உரிமையை நிபந்தனைகளோடு தருவது உரிமம். காலம் கடந்தால் புதுப்பித்தல் வேண்டும். ‘எம் துறையின் நோக்கில் இதற்கு மறுப்பில்லை’ எனக் கூறுவது தடையின்மைச் சான்று. அதனை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தொழில் நடத்த இயலாது. ‘இன்னார் இத்தொழிலை இவ்விடத்தில் நடத்துகிறார்’ என்பதை அரசு அறிந்து தன் ஏட்டில் ஏற்றிக்கொள்வது பதிவு. எதனை எங்கே கேட்பது என்பதை அறியாமையாலேயே பலர் பல நாள் வீணே அலைகின்றனர். சொல்லின் பொருள் அறிதல் தேர்வுக்கு மட்டும் உரிய கல்வியன்று.

கடந்த வாயில்கள்

முதல் வாயில் நிலம். பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் திரட்டினோம். நிலத்தின் எந்த மூலையும் ஓடைப் புறம்போக்கிலோ காப்புக்காட்டு எல்லைக்குள்ளோ இல்லை என்பதை நில அளவையர் கல் நட்டுக் காட்டினார். வேளாண் நிலத்தை வேறு தொழிலுக்குப் பயன்படுத்துவதாயின், நகர் ஊரமைப்புத் துறையின் வழியே பயன்பாட்டு மாற்றம் பெறல் வேண்டும். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குட்பட்ட மலைச் சிற்றூர்களுக்கு மேலும் கடுமையான விதிகள் உள்ளன. எம் மாணவரின் நிலம் சமவெளியில் இருந்தமையால் அச்சுமை இல்லை.

இரண்டாவது, கட்டடம். துணிக் கூடாரம் கட்டடமா என்ற வினா ஓர் அலுவலகத்தில் எழுந்தது. படிவத்தில் ‘எத்தனை தளங்கள்’ என்றொரு கட்டம் இருந்தது. கூடாரத்திற்குத் தளம் ஏது? ‘தரையே தளம்’ என்று எழுதினோம். எழுத்தர் சிரித்துவிட்டு ஏற்றுக்கொண்டார். ஆயினும் கழிப்பறையும் சமையற்கூடமும் செங்கல்லால் எழுபவை. அவற்றுக்கு 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வரைபடம் தந்து இசைவு பெறுதல் வேண்டும்.

மூன்றாவது, உடல்நலம். குடிநீரை ஆய்வுக்கு அனுப்புதல், கழிவுநீர்த் தொட்டி கிணற்றிலிருந்து விலகியிருத்தல், குப்பையைப் பிரித்து அகற்றுதல் ஆகியவற்றைக் கண்டபின்னரே சுகாதாரச் சான்று. சமைத்துப் பரிமாறுவதாயின் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின்படி தொழிலின் அளவிற்கேற்பப் பதிவோ உரிமமோ பெறுதல் வேண்டும்.

நான்காவது, தீயணைப்புத் துறை. இதனைப் பின்னர் விரித்துரைப்போம்.

ஐந்தாவது, சுற்றுலாத் துறை. தமிழ்நாட்டில் சாகசச் சுற்றுலா நடத்துவோர், முகாம் நடத்துவோர், கேரவன் சுற்றுலா நடத்துவோர், வீட்டுத் தங்கல் நடத்துவோர் ஆகியோர் சுற்றுலாத் துறையின் இணையதளத்தில் பதிவுசெய்தல் வேண்டும் என மாவட்டந்தோறும் அறிவிப்புகள் வந்துள்ளன. முகாமுக்கென்றே தனிப் பிரிவு இருத்தல் எம் மாணவர்க்கு ஊக்கம் தந்தது. இதுவரை பெயரில்லாமல் இருந்த தொழிலுக்கு அரசு ஏட்டில் ஒரு பெயர் கிடைத்தது.

இவை தவிர, தங்குவோரின் பெயரேடு, அடையாளச் சான்றின் படி, வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் உரிய அலுவலர்க்குத் தெரிவித்தல் முதலிய கடமைகளும் உள. விருந்தினரைக் காட்டிற்குள் அழைத்துச் செல்வதாயின் வனத்துறையின் இசைவு தனியே வேண்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லுதல் நன்று. இவ்வாயில்கள் ஒரே தெருவில் இல்லை. ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தின் சான்றை முதலில் கேட்கும். அம்மற்ற அலுவலகம் இதன் சான்றைக் கேட்கும். ஓரிடத்தில் எம் கோப்பு ஏழு வாரம் அசையாது கிடந்தது. சிறுதொழில் தொடங்கும் இளைஞர்க்கு இவையனைத்தையும் நிரல்படச் சொல்லும் ஒரு தமிழ்க் கையேடு ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலக வாயிலிலும் இருத்தல் வேண்டும் என்பது எம் விண்ணப்பம்.

மினாவும் குரங்கணியும்

கோப்பு கிடந்த அக்காலத்திலேதான் சோதனை வந்தது. மதுரையிலிருந்து முப்பது பேர் கொண்ட குழுவொன்று அரையாண்டு விடுமுறையில் தங்க விரும்பி முன்பணமும் அனுப்பிவிட்டது. நான்கு கூடாரங்கள் முன்னரே வந்திருந்தன. “இரண்டு இரவுதானே ஐயா” என்றார் மாணவர். மாமு அருகில் இருந்தார்.

யாம் அவரிடம் சட்டப் பிரிவுகளைப் பேசவில்லை. மூன்று நிகழ்ச்சிகளைச் சொன்னோம்.

1997 ஏப்ரல் 15 அன்று, ஹஜ்ஜுக்குச் சென்றோர் தங்கியிருந்த மினாக் கூடார நகரில் தீப்பற்றியது. காற்று தீயைக் கூடாரத்திலிருந்து கூடாரத்திற்குத் தூக்கிச் சென்றது. 340க்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அதன்பின் சவூதி அரசு துணிக் கூடாரங்களை அகற்றி, எளிதில் தீப்பற்றாத கண்ணாடியிழைக் கூடாரங்களை நிறுவியது. நீர் தெளிப்பான்களைப் பொருத்தியது. கூடாரத்தினுள் எரிவாயு அடுப்பைத் தடுத்தது. இறையில்லத்தை நாடிச் சென்றோர்க்கும் தீ விதிவிலக்கு அளிக்கவில்லை.

2018 மார்ச் 11 அன்று, அண்டை மாவட்டமாகிய தேனியின் குரங்கணி மலையில் மலையேற்றம் சென்ற இளைஞரும் மகளிரும் காட்டுத்தீயில் அகப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசு அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடத்தியது. அவ்வாண்டே தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024இல் அரசே நாற்பது தடங்களை வகுத்து, வழிகாட்டியரோடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது.

2021 சனவரியில், வயநாட்டு மேப்பாடிப் பகுதியில் தங்கும் விடுதியொன்றின் கூடாரத்தில் தங்கிய இளம் ஆசிரியை யானையால் தாக்கப்பட்டு உயிர் நீத்தார். அவ்விடத்தில் கூடாரம் அமைக்க உரிய இசைவு இல்லை என்பது பின்னரே வெளிப்பட்டது. சிறுமலையில் யானையில்லை என்று மாமு சொன்னார். காட்டுமாடு உண்டே என்று மாணவரே விடை சொன்னார்.

அதற்குமேல் யாம் ஒன்றும் கூறவில்லை. மறுநாள் காலை அவர் முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். மாமுவுக்குச் சினம் வந்தது. தருவதாகச் சொன்ன தொகையை நிறுத்திக்கொண்டார். பன்னிரண்டு கூடாரம் ஆறாயிற்று. துபாயில் சேர்த்த பணத்தில் தங்கையின் திருமணத்திற்கென ஒதுக்கியதைத் தொடாமல், எஞ்சியதைக் கொண்டே காரியத்தை நடத்த வேண்டிய நிலை. ஓராண்டு வருவாயின்றிக் கழிந்தது. நேர்மையான வழி எப்போதும் மலர் தூவிய வழி என்று மாணவர்க்குச் சொல்ல யாம் துணியோம். அதற்கு விலை உண்டு. அவ்விலையை அவர் கொடுத்தார்.

தீயணைப்பு அலுவலர் நேரில் வந்து பார்த்த நாளில் யாமும் உடனிருந்தோம். அவர் படிவத்தை விரிப்பதற்கு முன் நிலத்தைச் சுற்றி நடந்தார். காற்று எப்பக்கமிருந்து வீசும் என்று கேட்டார். சமையற்கூடம் காற்றின் மேல்பக்கம் இருப்பதைக் கண்டு, கீழ்ப்பக்கத்திற்கு மாற்றச் சொன்னார். மலைப்பக்க எல்லை நெடுகக் காய்ந்த புல்லை அகற்றி வெறுந்தரையாக வைக்கச் சொன்னார். கூடாரத்திற்குக் கூடாரம் இடைவெளியைக் காலடியால் அளந்து காட்டினார். நீர்த்தொட்டி, மணல் வாளி, தீயணைப்பான், வண்டி உள்ளே வந்து திரும்புதற்குரிய வழி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டார். நப்பூதனாரை அவர் படித்திருப்பாரா என்பதை யாம் அறியோம். ஆனால் அவர் கண்களில் நப்பூதனாரின் பார்வை இருந்தது.

அடுத்த கோடையில் ஒரு நாள் விடியலில் மாணவர் தொலைபேசியில் அழைத்தார். மலைச்சரிவில் இரண்டு இரவுகளாகப் புல் எரிந்துகொண்டிருந்தது. தீ அவர் நிலத்திற்கு வரவில்லை. ஆனால் காற்றில் வந்த பொறிகள் சோதனைக்காக அடித்திருந்த கூடாரத்தின் மேல் விழுந்து, துணியில் பட்டாணி அளவில் ஏழெட்டுத் துளைகளை இட்டிருந்தன. உள்ளே ஆளில்லை. “உள்ளே பிள்ளைகள் படுத்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன் ஐயா” என்றார். எளிதில் தீப்பற்றாத துணியாலான கூடாரங்களை, விலை கூடுதலாயினும், அதன்பின்னரே அவர் வாங்கினார். அத்துளைத் துணியை மாமுவுக்கும் காட்டினார் என அறிகிறோம். நிறுத்திய பணத்தில் ஒரு பங்கு பின்னர் வந்து சேர்ந்தது.

இன்று அவர் நிலத்தில் ஆறு கூடாரங்கள் நிற்கின்றன. வாயிலில் பதிவுச் சான்றும் கட்டண விவரமும் கண்ணாடிச் சட்டத்துள் உள்ளன. வனத்தை ஒட்டி வாழ்வோர் சிலர்க்கு வேலையும் கிடைத்துள்ளது.

நிறைவாக

விருந்தோம்பல் தமிழர்க்கும் இசுலாமியர்க்கும் பொதுவான அறம். வழிப்போக்கர்க்கு உதவுதலை நம் மார்க்கம் கடமையாக்கியுள்ளது. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். வந்தவர்க்குச் சோறிடுதலோடு விருந்தோம்பல் முடிந்துவிடுவதில்லை. அவர் உறங்கும்போது நாம் விழித்திருத்தலும் அதனுள் அடங்கும். உரிமம் என்பது அவ்விழிப்பை எழுத்தில் வைத்ததேயன்றி வேறன்று.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் கடை திறக்கலாம், உணவகம் நடத்தலாம், பயிலகம் தொடங்கலாம். ‘முதலில் திற, காகிதம் பின்னால் வரும்’ என்று சொல்வோர் உங்கள் அருகிலும் இருப்பர். அவர்கள் தீயவர் அல்லர். உங்கள் நலம் விரும்புவோரே. அவர்களை மதித்துக் கேளுங்கள். பின்னர், உங்களை நம்பி வந்து உறங்கப்போகும் முகமறியாத ஒருவரை நினைத்துப் பாருங்கள். அதன்பின் முடிவெடுங்கள்.

சமுதாயப் பெரியோர்களே! பிள்ளைகள் தொழில் தொடங்கப் பணம் தருகின்றீர்கள். அது பெரும் அறம். அவர்கள் முறைப்படி தொடங்கக் காத்திருக்கும் மாதங்களுக்கும் கைகொடுப்பீராயின் அவ்வறம் முழுமை பெறும்.